பனியன் ஊர்ல எல்லா ஊர்க்காரங்களையும் ஒண்ணா அடுப்படிக்கு கொண்டு வர்றது எப்படி? முழு வழிகாட்டி

திருப்பூர்ல பாண்டியன் நகர், நெருப்பெரிச்சல், வேலம்பாளையம் பக்கம் எந்த லைன் வீட்டு காம்பவுண்டுக்குள்ள போனாலும் ஒரே கதைதான். முதல் வீட்டுல தேனிக்காரங்க, அடுத்தது புதுக்கோட்டை, நடுவுல ரெண்டு ரூம்ல பீகார் பசங்க ஆறேழு பேரு, கடைசில கைக்குழந்தையோட ஒரு ஒடிசா குடும்பம். வீட்டு ஓனர் மட்டும்தான் உள்ளூர். எல்லாரும் ஒரே குழாய்ல தண்ணி பிடிக்கிறாங்க, ஒரே கொடியில துணி காயப்போடுறாங்க, வருஷக்கணக்கா இருந்தும் ஒருத்தர் பேரு ஒருத்தருக்கு தெரியாது.

இதுல நாம கவனிக்காத ஒரு விஷயம், இங்க புலம்பெயர்ந்து வந்தவங்கன்னா அது வடமாநிலத்துக்காரங்க மட்டும் இல்லைங்க. மதுரை, தேனி, ராமநாதபுரத்துல இருந்து வந்தவங்களும் பொழப்புக்கு வந்தவங்கதான், முப்பது வருஷம் முன்னாடி அவங்களைப் பார்த்து இந்த ஊரு பேசின பேச்சைத்தான் இப்ப பீகார்க்காரங்களைப் பார்த்து பேசிட்டு இருக்கோம். அதனால இந்த வழிகாட்டி "நாம அவங்களை வரவேற்கிறது எப்படி"ங்கிற கதை இல்ல. பொழப்பு தேடி வந்த பல கூட்டம் தங்களுக்குள்ள பழகுறது எப்படிங்கிறதுதான்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். மேடை போட்டு, ஒரு டான்ஸ் அவங்க, ஒரு டான்ஸ் நாங்கன்னு மாத்தி மாத்தி ஆடி, பொன்னாடை போட்டு, போட்டோ எடுத்து, பிரியாணி பொட்டலம் கொடுத்து அனுப்புற நிகழ்ச்சியால எதுவும் மாறாது. பார்க்கிறவங்க பார்த்துட்டு போயிடுவாங்க, அடுத்த நாள் குழாயடியில மறுபடி மூஞ்சைத் திருப்பிக்குவாங்க. கை சேர்ந்து வேலை செஞ்சாத்தான் வாய் பேசும். கீழ சொல்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்தை வச்சுத்தான்.

யாரு இருக்காங்கன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

"இந்திக்காரங்க"ன்னு ஒரே மூட்டையா கட்டுற வரைக்கும் எதுவும் நடக்காது. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாலு மணிக்கு மேல ரெண்டு மூணு பேரா தெருவுல நடங்க. காலையில போகாதீங்க, வாரத்துல ஒரு நாள்தான் தூக்கம், அப்புறம் துணி துவைக்கிறது, கறி எடுக்கிறதுன்னு ஓடும். எந்த மாவட்டம்னு கேளுங்க, மாநிலத்தை மட்டும் கேட்டு நிறுத்தாதீங்க. சிவான், சாப்ரா பக்கம்னா வீட்டுல பேசுறது போஜ்புரி, தர்பங்கா, மதுபனின்னா மைதிலி, கயா பக்கம்னா மகஹி. ஜார்க்கண்ட்ல சந்தாலி பேசுறவங்க தனி, அவங்கள்ல கிறிஸ்தவங்களும் கணிசமா இருக்காங்க. ஒடியா, வங்காளம், அசாமி, நேபாளி எல்லாம் இருக்கும். வங்காளத்துலயும் பீகார்லயும் இருந்து வந்த முஸ்லிம்களும் இருப்பாங்க. இதெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சாத்தான் பின்னாடி சாப்பாட்டுக்கும் தேதிக்கும் உதவும்.

இதே மாதிரி தமிழ்க் குடும்பங்களையும் கேளுங்க. கேட்டாத்தான் தெரியும், கும்மி தெரிஞ்ச பாட்டி ஒருத்தங்க இருப்பாங்க, ஜமாப் மேளம் அடிக்கிற பையன் ஒருத்தன் இருப்பான், செக்கிங் வேலைக்கு போற அக்கா ஒருத்தங்க நூறு பேருக்கு சமைக்கிற ஆளா இருப்பாங்க.

இந்த நடையில இன்னொண்ணையும் கவனிங்க, நம்ம வாய். கொங்கு பக்கம் அஞ்சு வயசுக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு"ன்னு கூப்பிடுற ஊரு இது, ஆனா நாப்பது வயசு பீகார்க்காரரை "டேய் இங்க வாடா"ன்னு சொல்றோம். அவருக்கு தமிழ் முழுசா தெரியாம இருக்கலாம், "டா" தெரியும். குழுவுல முதல் விதியா இதையே வையுங்க: வயசுல பெரியவங்கன்னா அண்ணன், அக்கா, சின்னவங்கன்னா தம்பி, பாப்பா, எல்லாருக்கும் "ங்க". அவங்க பய்யா, தீதின்னு கூப்பிட்டா அதுக்கும் திரும்பிப் பாருங்க.

குழு அமைக்கிறது

எட்டு பத்து பேரு போதும். சூப்பர்வைசர், லேபர் காண்ட்ராக்டர் ரெண்டு பேரையும் குழுவுல சேர்க்காதீங்க, நல்லவரா இருந்தாலும் சரி. அவரு உட்கார்ந்திருந்தா அவருகிட்ட வேலை செய்ற பையன் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு போயிடுவான். கம்பெனி நடத்துற விழாவுலயும் இதே சிக்கல்தான், ஒருத்தர் சம்பளம் கொடுக்கிறவரா நிக்கிறப்ப அங்க சமம்னு எதுவும் கிடையாது. 1954லயே கோர்டன் ஆல்போர்ட்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் இதைப் பத்தி எழுதியிருக்காரு, வேற வேற கூட்டம் வெறுமனே பக்கத்துல இருந்தா வெறுப்பு குறையாது, சம நிலையில, ஒரே குறிக்கோளுக்காக, சேர்ந்து உழைச்சு, மேல இருக்கிறவங்க ஆதரவும் இருந்தாத்தான் குறையும்னு. லைன் வீட்டுல இருக்கிற யாரும் இதை ரெண்டு வாரத்துல கண்டுபிடிச்சிடுவாங்க, இருந்தாலும் படிச்சவங்க சொன்னாத்தானே நம்ம ஊர்ல கேப்பாங்க.

குழுவுல பாதி பெண்கள் இருக்கணும். ஆம்பளைங்க மட்டும் இருந்தா கடைசில அது கிரிக்கெட் மேட்ச்சா முடியும். வெளிமாநிலப் பெண்கள் சட்டுனு வெளிய வர மாட்டாங்க, அவங்களைக் கூப்பிட தமிழ்ப் பெண்கள்தான் வீட்டுக்குப் போகணும், அதுவும் புருஷன் வீட்டுல இருக்கிற நேரத்துல போயி ரெண்டு பேருகிட்டயும் பேசிட்டு வரணும்.

மொழிபெயர்க்க யாரு? கார்ப்பரேஷன் ஸ்கூல்ல தமிழ்ல படிக்கிற ஒடிசா, பீகார்க் குழந்தைங்க இருக்காங்களே, அவங்கதான் இந்த ஊரோட உண்மையான மொழிபெயர்ப்பாளர்கள். ஆறாவது படிக்கிற பொண்ணு அம்மாவுக்காக ரேஷன் கடையில, ஆஸ்பத்திரியில எல்லாம் பேசிட்டு இருக்கும். அவங்களைக் கூட வச்சுக்கோங்க, ஆனா பணம், சண்டை, புகார் மாதிரி பேச்சுக்கு குழந்தையை நிக்க வைக்காதீங்க. அதுக்கு பத்து வருஷமா இங்கயே இருக்கிற டைலர் யாராச்சும் கிடைப்பாங்க, அவரு தமிழ் நம்மளை விட சுத்தமா பேசுவாரு.

நாள் பார்க்கிறது

தேதி தப்பாச்சுன்னா எல்லாமே தப்பு. சனிக்கிழமை சம்பளம், அன்னைக்கு ராத்திரி வைக்காதீங்க, பாதிப் பேரு கடையில இருப்பாங்க, மீதிப் பேரு டாஸ்மாக்ல இருப்பாங்க. ஞாயிறு காலை பத்துல இருந்து மூணு வரைக்கும், இல்லைன்னா சாயங்காலம் நாலுல இருந்து எட்டு வரைக்கும் சரியா வரும். ஷிப்மெண்ட் அவசரம் இருக்கிற வாரத்துல ஞாயித்துக்கிழமையும் வேலை ஓடும், கம்பெனிக்கு போறவங்ககிட்ட ரெண்டு வாரம் முன்னாடியே கேட்டுக்கோங்க.

பண்டிகைன்னா இன்னும் கவனம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தென்மாவட்டத்துக்காரங்க பஸ் பிடிச்சு ஊருக்குப் போயிடுவாங்க, திருப்பூரே காலியாயிடும், அந்த நாலு நாள் தெருவுல நிக்கிறது வெளிமாநிலத்துக்காரங்க மட்டும்தான். ஹோலிக்கும், தீபாவளிக்கு அப்புறம் வர்ற சட் பூஜைங்கிற சூரிய விரதத்துக்கும் அவங்க தன்பாத் எக்ஸ்பிரஸ்ல தொங்கிட்டு போவாங்க. ரெண்டு கூட்டமும் ஊர்ல இருக்கிற ஞாயிறு எதுன்னு காலண்டர்ல பார்த்து வட்டம் போடுங்க. பொங்கல் விழான்னா பொங்கலுக்கு முந்தின ஞாயிறு வையுங்க, எல்லாரும் இருப்பாங்க.

முதல் தடவை: பழைய சோறு

பெரிய விழாவுல ஆரம்பிக்காதீங்க. செலவே இல்லாம, யாரும் யாரையும் விட உசத்தின்னு காட்ட முடியாத ஒண்ணுல ஆரம்பிங்க. என்னைக் கேட்டா ஏப்ரல், மே வெயில்ல ஒரு பழைய சோத்து ஞாயிறுதான் பெஸ்ட். ஒடிசாவுல அதுக்குப் பேரு பகாலா, மார்ச் 20ஐ பகாலா தினம்னே கொண்டாடுறாங்க. வங்காளத்துல பாந்தா பாத், அசாம்ல பொய்தா பாத். எல்லாம் ராத்திரி தண்ணி ஊத்தின சோறுதான். நம்மாளுங்க சின்ன வெங்காயம், மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்துட்டு வருவாங்க, ஒடிசாக்காரங்க கீரைப் பொரியலும் உளுந்து வடகத்தை நொறுக்கி வெங்காயம் பூண்டு போட்ட படி சூராவும் கொண்டு வருவாங்க, வங்காளிங்க வேகவெச்ச உருளைக்கிழங்கை கடுகெண்ணெய் விட்டு மசிச்சுத் தருவாங்க. கடுகெண்ணெய் வாசனைக்கு முதல்ல மூக்கைப் பொத்துறவங்கதான் கடைசில இன்னொரு உருண்டை கேப்பாங்க.

இதுல ஒரு அழகு என்னன்னா வீட்டுல யாருக்கும் தெரியாம சாப்பிடுற ஏழை சாப்பாட்டை எல்லாரும் நடுத்தெருவுல வச்சு சாப்பிடுறப்ப யாருக்கும் கூச்சம் மிச்சம் இருக்காது. ஆனா சுத்தம் முக்கியம். ஒரே அண்டாவுல நூறு பேருக்கு ஊற வைக்காதீங்க, திருப்பூர் வெயிலுக்கு புளிச்சு நுரைச்சுடும். வீட்டுக்கு வீடு மண்சட்டியிலயோ எவர்சில்வர் பாத்திரத்துலயோ காய்ச்சி ஆறின தண்ணி ஊத்தி வைக்கச் சொல்லுங்க, காலையில பத்து, பத்தரைக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடுங்க, கைக்குழந்தைக்கும் உடம்பு முடியாதவங்களுக்கும் வேண்டாம்.

ரெண்டாவது: சமையல் நாள்

இதுதான் இந்த வழிகாட்டியோட மையம், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

எல்லாரும் அவங்கவங்க பதார்த்தத்தை சமைச்சு எடுத்துட்டு வந்து மேஜையில வைக்கிறது வேஸ்ட். அது மறுபடி கண்காட்சிதான். விதி என்னன்னா, பதார்த்தம் யாரோடதோ அவங்க கை அதுல படக்கூடாது, பக்கத்துல நின்னு சொல்லித்தான் கொடுக்கணும், செய்றது வேற ஊர்க்காரங்க. பீகாரோட லிட்டி சோக்காவை எடுத்துக்கோங்க. கோதுமை மாவு உருண்டைக்குள்ள சத்து மாவு, அதாவது வறுத்த கடலை மாவு, அதுல பச்சை மிளகா, பூண்டு, ஓமம், கருஞ்சீரகம், கடுகெண்ணெய், ஊறுகாய் மசாலா எல்லாம் பிசைஞ்சு அடைக்கணும். சத்து மாவு கிடைக்கலைன்னா பொட்டுக்கடலையைப் பொடிச்சு வச்சுக்கலாம், ருசி ஒரு மாத்து குறையும், பரவால்ல. அப்புறம் வரட்டி நெருப்புல சுடணும். வரட்டின்னதும் பீகார் பசங்க முழிப்பாங்க, மாடு வச்சிருக்கிற வீட்டுல இருந்து ஒரு சாக்கு கொண்டு வந்து கொட்டினா முகம் மலர்ந்துடும், அவங்க ஊர்லயும் அதேதான்.

ஒரு தடவை தேனி பக்கத்து அக்கா ஒருத்தங்க கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி மாவை தடியா வச்சு பூரணத்தை அமுக்கினாங்க, பக்கத்துல நின்ன சிவான் தம்பி கையைக் கட்டிட்டு தவிக்கிறான், தொடக்கூடாதுங்கிறது விதி. "அக்கா, இப்படி இல்ல... பத்லா, பத்லா"ன்னு காத்துல கட்டைவிரலை வச்சு கிண்ணம் மாதிரி சுத்திக் காட்டுறான். அக்கா "என்னடா... என்னங்க தம்பி சொல்றீங்க, மெல்லிசாவா?"ன்னு கேட்டு, திரும்பப் பிடிச்சு, கடைசில ஒரு லிட்டி வெடிக்காம வந்ததும் ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படல. அடுத்த அடுப்புல அதே தம்பி அரிசிம்பருப்பு சோறு கிளறணும், நெய்யும் சின்ன வெங்காயமும் எப்ப போடணும்னு அக்கா அதட்டுவாங்க. அதிகாரம் மாறி மாறி வரும், அதுதான் வேணும்.

ஏற்பாடு இப்படி வையுங்க. நாலு அடுப்பு போதும், அடுப்புக்கு அஞ்சு பேரு, அதுல ஒரே ஊர்க்காரங்க ரெண்டு பேருக்கு மேல கூடாது, சீட்டு குலுக்கிப் போட்டு எடுங்க. ஒரு அடுப்பு சுத்த சைவம், அதுக்கு கரண்டி, பாத்திரம், எண்ணெய் எல்லாம் தனி. கறி சமைக்கிறீங்கன்னா ஹலால் கடையில கோழி எடுத்துடுங்க, மாடும் பன்னியும் அன்னைக்கு வேண்டாம், யாரு சாப்பிடுறது சரி தப்புங்கிற விவாதமே இல்ல, எல்லாரும் ஒரே பந்தியில உட்காரணும்கிறதுதான் விஷயம். காய் நறுக்கிற வேலையை மெஷின்ல கொடுக்காதீங்க, வெங்காயம் உரிக்கிறப்பதான் பேச்சே ஆரம்பிக்கும். பாத்திரம் கழுவுறது ஆம்பளைங்க வேலைன்னு முதல்லயே அறிவிச்சிடுங்க, இல்லைன்னா அது வழக்கம்போல பெண்கள் தலையில விழும்.

கோலம்

சமையலுக்கு வர தயங்குற பெண்கள் கோலத்துக்கு வருவாங்க. ஒடிசாவுல மார்கழியை ஒட்டி வர்ற வியாழக்கிழமைகள்ல லட்சுமிக்காக அரிசி மாவைக் கரைச்சு ஜோட்டி போடுவாங்க, வாசல்ல இருந்து உள்ள வரைக்கும் லட்சுமி பாதம் வரும், நம்ம வீட்டுல கிருஷ்ண ஜெயந்திக்கு பாதம் போடுற மாதிரியே. வங்காளத்துல அல்பனா, மிதிலைப் பக்கம் அரிபன். எல்லாத்துக்கும் அரிசி மாவுதான், விரல்தான். நம்மது புள்ளி வச்சு கணக்குப் போட்டு வர்றது, அவங்களோடது புள்ளி இல்லாம கொடி மாதிரி ஓடுறது. ஒரு தெருவை எடுத்துக்கோங்க, வீட்டுக்கு வீடு தனிக்கோலம் வேண்டாம், தெரு நீளத்துக்கு ஒரே கோலம், நடுவுல புள்ளிக் கோலம், ஓரமெல்லாம் ஜோட்டியும் அல்பனாவும். போட்டி வச்சு பரிசு கொடுக்காதீங்க ப்ளீஸ். பரிசு வந்ததும் நடுவர் எந்த ஊர்க்காரருன்னு பேச்சு வந்துடும்.

சூரியனுக்கு ரெண்டு பண்டிகை

பொங்கல் நாளு நமக்கு மட்டும் பண்டிகை இல்ல. அதே மகர சங்கராந்திக்கு பீகார்ல தயிர் அவலும் எள்ளு மிட்டாயும், கிச்சடியும். கயா எள்ளு மிட்டாய்னா தில்குட், தனிப் பேரே இருக்கு. ஒடிசாவுல ஊறின பச்சரிசியில வெல்லம், தேங்கா, வாழைப்பழம் பிசைஞ்ச மகர சாவுளா, வங்காளத்துல பிட்டே, அசாம்ல மாக் பிஹு, அங்க விடிகாலையில மேஜின்னு நெருப்பு மூட்டுவாங்க, நம்ம போகி மாதிரியே. ஜார்க்கண்ட்ல துசு. ஒரே பானையை ஏத்தி வச்சு, பக்கத்துல இத்தனையும் ஒவ்வொரு தட்டு வையுங்க, யாரும் யாரோட பண்டிகைக்கும் விருந்தாளி இல்ல.

பதிலுக்கு, ஊருக்குப் போகாம இங்கயே இருக்கிறவங்க சட் பூஜைக்கு நாம போகணும். தீபாவளி முடிஞ்சு ஆறாம் நாள் வர்றது, மொத்தம் நாலு நாள், விரதம் இருக்கிறவங்க கிட்டத்தட்ட ஒன்றரை நாள் பச்சைத்தண்ணிகூட குடிக்க மாட்டாங்க, சாயங்காலம் மறையற சூரியனுக்கும் மறுநாள் காலையில உதிக்கிற சூரியனுக்கும் தண்ணியில நின்னு படைப்பாங்க. புது முறம், கரும்பு, இலையோட மஞ்சக்கொத்து, இஞ்சிக்கொத்து, வாழைத்தார், தேங்கா, வெல்லமும் கோதுமை மாவும் நெய்யும் சேர்த்த டேக்குவா. லிஸ்ட்டைப் பார்த்தீங்களா, முக்கால்வாசி நம்ம பொங்கல் சாமான்தான்.

இங்கதான் உள்ளூர்க்காரங்களுக்கு வேலை. அக்டோபர், நவம்பர்ல திருப்பூர்ல கட்டுக் கரும்பு கிடைக்காது, பொங்கலுக்குத்தான் வரும். ஜூஸ் கடைக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சா தோகையோட நாலு கழி ஒதுக்கிக் கொடுப்பாரு. இலையோட மஞ்சள் வேணும்னா ஈரோடு பக்கத்துச் சொந்தக்காரங்ககிட்ட சொல்லி விடுங்க. முறம் எந்தத் தெருவுல விக்கும்னு கூட்டிட்டுப் போயி காட்டுங்க. தண்ணிதான் பெரிய பிரச்சினை, நொய்யல்ல இறங்கச் சொல்ல மனசாட்சி இடம் கொடுக்காது, சாயத்தண்ணி பட்ட பாடு அந்த ஆத்துக்கு. மொட்டை மாடியில பெரிய டப்பு, இல்லைன்னா தார்பாய் விரிச்சு தொட்டி கட்டி தண்ணி நிரப்பினா போதும், பெரிய ஊர்கள்ல நிறைய பேரு அப்படித்தான் பண்றாங்க. அந்த லாரித் தண்ணிக்கு தெருவே சேர்ந்து காசு போடட்டும். ஒரு விஷயம், விரதச் சாமானை கேக்காம தொடாதீங்க, சுத்தம் விஷயத்துல ரொம்ப கண்டிப்பு. என்ன செய்யணும்னு கேட்டு அதை மட்டும் செய்யுங்க.

ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி நம்ம தமிழ் முஸ்லிம்களோட அடையாளம், பீகார், வங்காள முஸ்லிம் பசங்களுக்கு அது புதுசு, அவங்க கொண்டக்கடலையும் பக்கோடாவும் வச்சு நோன்பு திறப்பாங்க. ஜமாத்ல பேசினா ஒரு நாள் ரெண்டும் சேர்த்து வைக்கலாம். ஜார்க்கண்ட் கிறிஸ்தவங்களை டிசம்பர்ல மறந்துடாதீங்க, ரூம்ல தனியா கேரல் பாடிட்டு இருப்பாங்க.

விளையாட்டும் ஆட்டமும்

கிரிக்கெட், கபடி ரெண்டும் எல்லாருக்கும் தெரியும், அதனாலேயே ஆபத்தும் அதுலதான். தமிழ்நாடு வெர்சஸ் பீகார்னு டீம் பிரிச்சீங்கன்னா நீங்களே காசு போட்டு சண்டை ஏற்பாடு பண்றீங்கன்னு அர்த்தம். உத்தரப்பிரதேசத்துல மேட் லோங்கிற ஆராய்ச்சியாளர் ஒரு மாசம் ஓடுற கிரிக்கெட் லீக்குகளை நடத்தி, முடிவை 2021ல வெளியிட்டாரு: வேற சாதிக்காரங்க ஒரே டீம்ல இருந்தப்ப நட்பு கூடுச்சு, எதிர் டீம்ல இருந்து மோதினப்ப எதிர்மாறாத்தான் போச்சு. அதே நேரம் ஈராக்ல கிறிஸ்தவங்களையும் முஸ்லிம்களையும் ஒரே ஃபுட்பால் டீம்ல சேர்த்துப் பார்த்த ஆய்வு 2020ல வந்துச்சு, அதுல டீமுக்குள்ள பழக்கம் நல்லா வளர்ந்தது, ஆனா வெளிய தெரியாத ஆளுகிட்ட காட்டுற மனசு பெருசா மாறலை. அதனால மேட்ச் நடத்திட்டா ஊரே மாறிடும்னு எதிர்பார்க்காதீங்க, அந்தப் பதினோரு பேரு மாறுவாங்க, அவங்க வீட்டு ஆளுங்களைக் கொண்டு வர்றது உங்க வேலை. டீமுக்கு தெருப் பேரு வையுங்க, சீட்டு குலுக்குங்க, அம்பயரை பக்கத்து ஏரியாவுல இருந்து கூப்பிடுங்க.

ஆட்டத்துல வட்டமாவோ வரிசையாவோ ஆடுறது எல்லாத்துலயும் சேர்ந்துக்கலாம். நம்ம கும்மி, ஒயில், சந்தால்கள் கைகோத்து ஆடுறது, ஜார்க்கண்ட் பக்கத்து ஜுமர் ஆட்டம் எல்லாமே அடி தெரிஞ்சுட்டா யாரும் உள்ள வரலாம். கொங்கு பக்கம் வள்ளி கும்மி இப்ப ரொம்ப பரவியிருக்கு, பார்க்கவும் ஜோரா இருக்கும், ஆனா சில இடத்துல சாதிச் சங்க பேனரோடயே வருது, அப்படி வர்ற குழுவை கூப்பிடாதீங்க, தெருவுல இருக்கிற பாட்டிமாருங்களே கும்மி சொல்லித் தருவாங்க. ஜமாப்பும் டோலக்கும் சேர்ந்தா சத்தத்துக்குப் பஞ்சமே இருக்காது.

பாட்டு லிஸ்ட்டை முந்தின நாளே கேட்டுப் பாருங்க. போஜ்புரியில டபுள் மீனிங் பாட்டு ஏராளம், புரியாம நாம கைதட்டிட்டு இருப்போம், அவங்க வீட்டுப் பெண்கள் முந்தானையை மூஞ்சில போட்டுக்குவாங்க. நம்ம குத்துப்பாட்டும் சளைச்சதில்ல. ரெண்டு பக்கமும் பெண்கள் ஓகே சொன்ன பாட்டு மட்டும் போடுங்க.

இடம், காசு, அனுமதி

கோயில் திடல்னா சிலர் வர மாட்டாங்க, கம்பெனி வளாகம்னா முதலாளி வருவாரு. கார்ப்பரேஷன் ஸ்கூல் மைதானம் சரி, தலைமை ஆசிரியர்கிட்ட லெட்டர் கொடுங்க. ஸ்டேஷன்லயும் ஒரு லெட்டர், மைக் வச்சா அதையும் எழுதுங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் சட்டப்படியே கூடாது.

காசு எல்லார்கிட்டயும் ஒரே அளவு வாங்குங்க, சின்னத் தொகையா, ஆனா எல்லார்கிட்டயும். நம்மாளுங்க போட்டு அவங்களுக்கு சாப்பாடு போட்டா அது தானம், மறுபடி மேல கீழ வந்துடும். ஸ்பான்சர் வந்தா அரிசி மூட்டையா வாங்கிக்கோங்க, பேனர் கிடையாதுன்னு சொல்லிடுங்க, கட்சிக் கொடியும் அதே. கணக்கை தமிழ்லயும் இந்தியிலயும் எழுதி செவுத்துல ஒட்டுங்க, ஒடியா எழுதத் தெரிஞ்சவங்க இருந்தா அதுலயும்.

இன்னொண்ணு, "இவனுங்க வந்ததாலதான் பீஸ் ரேட் ஏறவே மாட்டேங்குது"ன்னு யாராவது கண்டிப்பா சொல்லுவாங்க. அதை அதட்டி அடக்காதீங்க. குறைஞ்ச கூலிக்கு ஆள் கிடைக்கிறப்ப யாரு லாபம் பார்க்கிறாங்கங்கிறது நியாயமான கேள்வி, ஆனா பதில் சொல்ல வேண்டியது லிட்டி சுடுற பையன் இல்ல. கூலி, இ.எஸ்.ஐ., பி.எஃப். பேச்சுக்கு சங்கம் இருக்கு, ரெண்டு பக்கத்து ஆளுங்களும் சேர்ந்து அங்க போனா இன்னும் நல்லது. சோறு சாப்பிட்டா கூலிப் பிரச்சினை தீர்ந்துடும்னு மட்டும் யாருக்கும் வாக்கு கொடுத்துடாதீங்க.

வதந்தி வந்தா

2023 மார்ச் முதல் வாரத்தை மறந்திருக்க மாட்டீங்க. தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளர்களை அடிக்கிறாங்கன்னு வீடியோ பரவுச்சு, வேற மாநிலத்துல நடந்ததை எல்லாம் இங்க நடந்ததா போட்டாங்க, ஹோலிக்கு ஊருக்குப் போற கூட்டத்தை ஸ்டேஷன்ல காட்டி பயந்து ஓடுறாங்கன்னு சொன்னாங்க, பீகார்ல இருந்து அரசுக் குழுவே வந்து விசாரிச்சுட்டுப் போச்சு. ஊர்ல இருந்து அம்மா போன்ல அழுதா எந்தப் பையனும் கிளம்பத்தான் செய்வான், போலீஸ் அறிக்கையை அவன் எங்க படிக்கிறது.

இதுக்கு இப்பவே ஏற்பாடு வேணும். குழுவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், அட்மின் மொழிக்கு ரெண்டு பேரு. வீடியோ வந்தா எழுதிப் பதில் போடாதீங்க, பாதிப் பேரு படிக்க மாட்டாங்க, அந்தந்த மொழிக்காரர் அவரு குரல்லயே அரை நிமிஷம் பேசி அனுப்பட்டும், "நான் இங்கதான் பாண்டியன் நகர்ல நிக்கிறேன், இப்ப டீ குடிச்சுட்டு இருக்கேன், ஒண்ணும் இல்ல"ன்னு. அதை அவங்க ஊருக்கு ஃபார்வர்ட் பண்ணிக்கலாம். உண்மையிலயே அடிதடி நடந்திருந்தா மறைக்காதீங்க, நடந்ததை நடந்த அளவுக்கு சொல்லி, ஸ்டேஷனுக்கு ரெண்டு பக்கத்து ஆளும் சேர்ந்து போங்க. விழாவுல பெண்களை போட்டோ, வீடியோ எடுக்கிறதுக்கும் விதி வையுங்க, கேட்டு எடுக்கணும், ஸ்டேட்டஸ் போடக்கூடாது. குடிச்சுட்டு வந்தா யாரா இருந்தாலும் அன்னைக்கு உள்ள விடாதீங்க, தமிழனைத் திருப்பி அனுப்ப தமிழன் போகணும், பீகார்க்காரரை அனுப்ப பீகார்க்காரர் போகணும்.

தொடர்ந்து நடத்துறது

வருஷத்துக்கு ஒரு பெரிய விழாவை விட மாசத்துக்கு ஒரு சின்ன விஷயம் மேல். ஒரு மாசம் சமையல், ஒரு மாசம் கேரம், மழைக்காலத்துல ஒண்ணும் வேண்டாம். நடுவுல தமிழ் கத்துக்கொடுக்கலாம், கேரளாவுல எழுத்தறிவு மிஷன் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கத்துக்கொடுக்க "சங்ஙாதி"ன்னு திட்டமே நடத்துறாங்க. நாம பெருசா பண்ண வேண்டாம், பஸ் போர்டு படிக்க, மாத்திரை எத்தனை வேளைன்னு கேக்க, "மேல கை வைக்காதீங்க"ன்னு சொல்ல, இந்த அளவு போதும். பதிலுக்கு அவங்ககிட்ட பத்து வார்த்தை நாமளும் கத்துக்கணும், கத்துக்கொடுக்கிறவங்களா ஒரே பக்கம் நிக்கக்கூடாது.

வேலை செய்யுதான்னு பார்க்க எத்தனை பேரு வந்தாங்கன்னு எண்ணாதீங்க. சிலிண்டர் தீர்ந்தா யாரு வீட்டுக் கதவைத் தட்டுறாங்க, குழந்தைக்குக் காய்ச்சல்னா பக்கத்து வீட்டு அக்கா கூட ஜி.எச். போறாங்களா, சாவு வீட்டுக்கு ரெண்டு பக்கத்து ஆளும் வர்றாங்களா, அதைப் பாருங்க.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம், இங்க ஆளுங்க நிக்க மாட்டாங்க. சட் பூஜைக்குப் போனவங்க பாதிப் பேரு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வருவாங்க, சிலர் சூரத் போயிடுவாங்க, தென்மாவட்டக் குடும்பம் ஓனர் வாடகை ஏத்தினதும் வேற ஏரியா போயிடும். அதனால மொழிக்கு ஒருத்தர்னு வைக்காதீங்க, ரெண்டு பேரா வையுங்க, அதுல ஒருத்தர் குடும்பத்தோட இருக்கிறவரா இருக்கட்டும். அண்டா, அடுப்பு, தார்பாய் யாரு வீட்டுல இருக்கு, மிச்சக் காசு எவ்வளவு, ஜூஸ் கடைக்காரர் நம்பர் எது, இதையெல்லாம் ஒரே நோட்டுல எழுதி காம்பவுண்டு மளிகைக் கடையில கொடுத்து வச்சிடுங்க. கடைக்காரர் மட்டும்தான் எங்கயும் போக மாட்டாரு, பாக்கி வசூல் பண்ணணும்ல.